கரிஸ், மியாஸ்மா, கெர்னிப்ஸ்: கிரேக்க வழிபாட்டின் சில சொற்கள்

ஜீயஸ், ஏதீனா, அப்போலோ எல்லாரையும் உங்களுக்குத் தெரியும். பெர்சி ஜாக்சன் படிச்சிருப்பீங்க, இல்லைன்னா காட் ஆஃப் வார்ல க்ரேடோஸா மாறி அவங்கள்ல சிலரை முடிச்சிருப்பீங்க. ஆனா இந்தத் தெய்வங்களை நிஜமாவே கும்பிடுறவங்க இன்னைக்கும் இருக்காங்க. கி.பி. 4-ம் நூற்றாண்டின் கடைசியில் ரோமப் பேரரசர் தியடோசியஸ் போட்ட தடைகளுக்குப் பிறகு மெல்ல அறுந்துபோன மரபு இது. பழைய நூல்களையும் கல்வெட்டுகளையும் வச்சு சிலர் அதை மறுபடி கட்டி எழுப்புறாங்க. 2017-ல் கிரேக்க அரசு இதற்கு 'அறியப்பட்ட மதம்' என்ற சட்ட அந்தஸ்தும் கொடுத்தது.

இந்த மதத்துக்குன்னு ஒரு புனித நூல் கிடையாது. ஹோமர் பாடினது வேதம் இல்லை. நீ எதை நம்புறங்கிறதை விட, நீ என்ன செய்யுறங்கிறதுதான் இங்கே முக்கியம். அதனால கதைகளை எவ்வளவு படிச்சாலும் வழிபாடு புரியாது. சொற்களில் இருந்து தொடங்கணும்.

ஒரே ஒரு சொல்லுக்குத்தான் நேரம் இருக்குன்னா, கரிஸைக் கத்துக்கோங்க. அருள், இனிமை, கைம்மாறு, நன்றி எல்லாமே இந்த ஒரு சொல்லுக்குள்ள இருக்கு. கொடுக்கிறவர் காட்டும் அன்பும் கரிஸ், வாங்கினவர் மனசுல இருக்கிற நன்றியும் கரிஸ். இன்றைய கிரேக்க மொழியில் நன்றி சொல்ல 'எஃப்கரிஸ்தோ' என்பாங்க. அதுவும் இதே வேர்தான்.

இலியட் முதல் காண்டத்தில் க்ரைசெஸ் என்ற பூசாரி, தன் மகளைச் சிறைபிடிச்ச கிரேக்கப் படையைத் தண்டிக்கச் சொல்லி அப்போலோவிடம் வேண்டுறார். முதல்ல பெயர் சொல்லி அழைக்கிறார். அப்புறம், உன் கோயிலுக்குக் கூரை போட்டேனே, காளை, ஆட்டுத் தொடைகளை எரிச்சுப் படைச்சேனே என்று நினைவுபடுத்துறார். கடைசியாத்தான் கேட்கிறார். கிரேக்கப் பிரார்த்தனையின் வழக்கமான வரிசையே இதுதான்.

அப்போ இது லஞ்சம்தானே? பழைய கேள்வி. பிளேட்டோவின் யூதிஃப்ரோவில் சாக்ரடீஸே, பக்தின்னா தெய்வங்களோட செய்யும் வியாபாரமான்னு சீண்டுறார். என் பதில் இது. லஞ்சம் வேலை முடிஞ்சதும் முடிஞ்சுடும். நண்பன் டீ வாங்கிக் கொடுத்ததும் 15 ரூபாயை அப்பவே ஜிபே பண்ணிப் பாருங்க, அவன் முகம் மாறும். கணக்கு நேராயிட்டா அங்கே உறவுக்கு வேலை இல்லை. முடியாம தொடர்ற கொடுக்கல் வாங்கலுக்குத்தான் கரிஸ்னு பேர்.

அடுத்தது மியாஸ்மா. இதைப் பாவம்னு மொழிபெயர்த்தா தப்பு. பிரசவம், சாவு, கொலை இதெல்லாம் ஒட்டவைக்கும் அசுத்தம் இது. குழந்தை பெறுறது குற்றமா என்ன? இல்லை, ஆனாலும் கோயிலுக்குப் போகும் முன் அது நீங்கணும். கி.மு. 426-ல் ஏதென்ஸ்காரங்க, அப்போலோவின் தீவான டெலோஸில் இருந்த கல்லறைகளை எல்லாம் தோண்டி எடுத்துட்டு, இனி அங்கே யாரும் பிறக்கவும் கூடாது, சாகவும் கூடாதுன்னு உத்தரவு போட்டாங்க. நேரம் நெருங்கினவங்களைப் பக்கத்துத் தீவான ரெனெயாவுக்குத் தூக்கிட்டுப் போகணும்! நம்ம 'தீட்டு' இதுக்கு நெருக்கமான சொல்தான். ஆனா கவனமா பயன்படுத்துங்க. நம்ம சொல் சாதியையும் சேர்த்துச் சுமக்குது, மியாஸ்மாவில் சாதி கிடையாது.

அதைக் கழுவத்தான் கெர்னிப்ஸ். பலிபீடத்து நெருப்பில் இருந்து ஒரு கொள்ளிக்கட்டையை எடுத்துத் தண்ணீரில் முக்கி அணைப்பாங்க. வழிபாட்டுக்கு முன் அந்தத் தண்ணீரில் கை கழுவணும். அந்தப் பலிபீடத்துக்குப் பேர் போமோஸ். அது பொதுவா கோயிலுக்கு வெளியே, திறந்த வெளியில் இருக்கும்.

துசியான்னா பலி. எலும்பும் கொழுப்பும் நெருப்புக்கு, கறி மனுஷங்களுக்கு. (நல்ல ஏற்பாடு!) இன்னைக்குப் பெரும்பாலும் சாம்பிராணி, ஒயின், தேன், பார்லிதான் படைக்கிறாங்க. ஊற்றிப் படைக்கிறதில் ரெண்டு வகை. கொஞ்சம் ஊத்திட்டு மீதியைக் குடிச்சா ஸ்பொண்டே. இறந்தவங்களுக்கும் பூமிக்கடியில் இருக்கும் தெய்வங்களுக்கும்னா கோயே. அதுல உங்களுக்கு ஒரு வாய் கூட மிஞ்சாது, முழுசா ஊத்திடணும்.

இதெல்லாம் பெரிய கோயில்களில் மட்டும் நடந்ததுன்னு நினைக்காதீங்க. வீட்டு வழிபாட்டில் முதல் பங்கு அடுப்புத் தெய்வமான ஹெஸ்டியாவுக்கு. கேம்ல இடி மின்னலோட வர்ற அதே ஜீயஸுக்கு வீட்டுக்குள்ள 'க்டேசியோஸ்' என்று இன்னொரு பேர். அங்கே அவர், சாமான் அறையில் சொத்தைக் காக்கிற ஒரு சின்ன ஜாடி.