முதல் நிமிடம் உங்கள் கையில்: தீயணைப்புப் பயிற்சி தரும் 10 குறிப்புகள்

தீயணைப்பு வண்டி வந்து சேரும்வரை நெருப்பின் முன் நிற்பது வீட்டில் இருப்பவர்கள்தான். அந்தப் பதற்றத்தில் படித்தது மறந்துபோகும். கை பழகியது மறக்காது. அதனால் குடும்பத்தில் ஒருவராவது ஒரு நாள் ஒதுக்கி, தீயணைப்புப் பயிற்சியில் கலந்துகொள்ளுங்கள்.

1. ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் வெடிபொருளும் பஞ்சும் ஏற்றிவந்த கப்பல் வெடித்ததில் உயிர்நீத்த 66 தீயணைப்பு வீரர்களின் நினைவாக இது கடைப்பிடிக்கப்படுகிறது. இந்த வாரத்தில் பல ஊர்களில் பொதுமக்களுக்குச் செயல்விளக்கம் நடக்கும். மற்ற நாட்களில் குடியிருப்போர் சங்கம் மூலம் அருகிலுள்ள நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

2. பயிற்சிக்குப் பருத்தி உடையும் மூடிய காலணியும் அணிந்து செல்லுங்கள். நைலான், பாலியெஸ்டர் துணிகள் சூட்டில் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். துப்பட்டாவையும் முந்தானையையும் இழுத்துச் செருகுங்கள். சமையலறையிலும் இதே பழக்கம் நல்லது.

3. தீயணைப்பானை வேடிக்கை பார்க்காமல், கேட்டு வாங்கி நீங்களே இயக்குங்கள். பின்னை உருவி, ஆறேழு அடி தள்ளி நின்று, சுடரின் உச்சியில் அல்லாமல் அடியில் குறிபார்த்து, பிடியை அழுத்தி இடம் வலமாக வீசுங்கள். சிறிய தீயணைப்பான் சில விநாடிகளிலேயே தீர்ந்துவிடும். ஆகவே வெளியேறும் வழி பின்னாலேயே இருக்கட்டும். காற்றும் முதுகுப் பக்கமிருந்து வரட்டும்.

4. வீட்டிலுள்ள தீயணைப்பானின் அழுத்தமானியை மாதம் ஒருமுறை பாருங்கள். முள் பச்சைப் பகுதியில் நிற்க வேண்டும்.

5. வாணலி எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது. எண்ணெய்க்கு அடியில் போகும் நீர், ஆவியாகும்போது சுமார் 1,700 மடங்கு விரியும். எரியும் எண்ணெயை நாலாபக்கமும் வாரி இறைக்கும். அடுப்பை அணைத்து, தட்டையான மூடியைப் பக்கவாட்டில் நகர்த்தி மூடுங்கள். வாணலியைத் தூக்க வேண்டாம். நன்றாக ஆறும்வரை மூடியைத் திறக்கவும் வேண்டாம்.

6. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும். வாடை வந்தால் எந்த சுவிட்சையும் போடவோ அணைக்கவோ கூடாது. எக்ஸாஸ்ட் ஃபேனுக்கும் இதே விதிதான். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906 எண்ணை அழையுங்கள்.

7. சிலிண்டர் வாயில் எரியும் தீயை ஈரச் சாக்கால் மூடி, வால்வை அடைக்கும் முறையைப் பயிற்சியில் காட்டுவார்கள். வீரர் அருகில் இருக்கும்போது செய்து பழகுங்கள். வீட்டில் நிலைமை கைமீறினால் சிலிண்டருடன் போராடாமல் வெளியேறுங்கள்.

8. மின்சாரப் பொருளில் தீ என்றால் முதல் வேலை மெயின் சுவிட்சை அணைப்பது. அது எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளுக்கும் காட்டி வையுங்கள்.

9. உடையில் தீப்பிடித்தால் ஓடாதீர்கள். காற்று பட்டு இன்னும் எரியும். நின்று, முகத்தை மூடி, தரையில் படுத்து உருளுங்கள். தீக்காயத்தின்மேல் குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் விடுங்கள். ஐஸ், பற்பசை, இங்க், மாவு எதுவும் வேண்டாம். உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

10. புகை மேலே எழும்பும். மூச்சுவிடத் தகுந்த காற்று தரையை ஒட்டியே இருக்கும். தவழ்ந்து வெளியேறுங்கள். மூடிய கதவைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் திறக்க வேண்டாம். லிஃப்டில் ஏறாதீர்கள். கிரில் கேட் சாவியை எல்லோருக்கும் எட்டும் ஆணியில் மாட்டுங்கள்.

பயிற்சிக்குப் போய் வந்த அன்று இரவே குடும்பத்தோடு ஓர் ஒத்திகை நடத்துங்கள். யார் பாட்டியின் கையைப் பிடிப்பது, தெருவில் எங்கே கூடுவது, 101 அல்லது 112-ஐ யார் அழைப்பது, முகவரியோடு எந்த அடையாளத்தைச் சொல்வது என்று பேசி முடிவெடுங்கள். ஒருவர் கற்றதை வீடே கற்றுக்கொள்ளட்டும்.