கோடாக்ரோம் ஒரே கிளிக்கில் வராது

“இந்த பிரீசெட்டைப் போடு, அப்படியே கோடாக்ரோம் கலர் வந்துவிடும்.” போட்டோ எடுப்பவர்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு எழாமல் இருப்பதில்லை. சில நூறு ரூபாய்க்கு ஒரு தொகுப்பு, இலவசமாக இன்னொன்று என்று கைமாறிக்கொண்டே இருக்கிறது. கல்யாண ஆல்பத்துக்கும் அதே பிரீசெட், கோயில் திருவிழாவுக்கும் அதே, குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கும் அதே. வரவில்லையே என்று கேட்டால், “நீங்கள் சரியானதை வாங்கவில்லை” என்று பதில் வருகிறது. எதை வாங்கினாலும் வராது. அந்த ஃபிலிம் எப்படி வேலை செய்தது என்று தெரிந்தவர்கள் இப்படிப் பேச மாட்டார்கள்.

கோடாக்ரோமை உருவாக்கியவர்கள் லியோபோல்ட் மான்னஸ், லியோபோல்ட் காடோவ்ஸ்கி ஜூனியர் என்ற இரண்டு இசைக் கலைஞர்கள். 1935-ல் சினிமா ஃபிலிமாகவும், அடுத்த ஆண்டு 35 எம்.எம். ஸ்லைடு ஃபிலிமாகவும் கோடாக் நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பின்னால் வந்த கலர் ஃபிலிம்களில் சாயத்தை உண்டாக்கும் வேதிப்பொருள் ஃபிலிமுக்குள்ளேயே இருக்கும். கோடாக்ரோமில் அது கிடையாது. கேமராவிலிருந்து கழற்றும்போது அது அடிப்படையில் மூன்று அடுக்குக் கறுப்பு வெள்ளை ஃபிலிம்தான். கலர் உருவாவது லேபில். முதலில் ஒருமுறை கழுவி, பிறகு சிவப்பு ஒளியை ஒரு பக்கமும் நீல ஒளியை மறுபக்கமும் காட்டி, சியான், மஞ்சள், மெஜந்தா சாயங்களை அடுக்கு அடுக்காக ஏற்ற வேண்டும். ரசாயனத்தின் அளவும் வெப்பமும் கொஞ்சம் பிசகினாலும் கலர் மாறிவிடும் என்பதால், தொழில் தெரிந்தவர்கள் பக்கத்திலேயே நின்று கண்காணித்த வேலை அது.

2009-ல் கோடாக் உற்பத்தியை நிறுத்தியது. கடைசிவரை அதைக் கழுவிக் கொடுத்த லேப், அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தின் பார்சன்ஸ் என்ற சிற்றூரில் இருந்த டுவெய்ன்ஸ் போட்டோ. அங்கே ரோல் ஒப்படைப்பதற்குக் கடைசி நாள் 2010 டிசம்பர் 30. தொழிற்சாலையிலிருந்து வந்த கடைசி ரோலை வாங்கிய போட்டோகிராபர் ஸ்டீவ் மெக்கரி, அதன் 36 படங்களில் பலவற்றை இந்தியாவில் எடுத்து, ரோலை நேரிலேயே பார்சன்ஸுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். இன்றைக்கு யாருடைய அலமாரியிலாவது எடுக்காத கோடாக்ரோம் ரோல் கிடைத்தாலும், அதைக் கலரில் கழுவித் தர ஒரு வணிக லேப்கூட இல்லை.

இதை யோசித்துப் பார்க்க வேண்டும். ஒரு ஃபிலிமின் கலரை நேர்மையாக டிஜிட்டலுக்குக் கொண்டுவர வேண்டுமென்றால், ஃபிலிம் கேமராவையும் டிஜிட்டல் கேமராவையும் அருகருகே வைத்து, ஒரே வெளிச்சத்தில், ஒரே கலர் சார்ட்டைப் பல எக்ஸ்போஷர்களில் எடுத்து அளக்க வேண்டும். 2010-க்கு முன்பே முறையாக அளந்து வைத்தவர்களைத் தவிர வேறு யாருக்கும் கோடாக்ரோமோடு அது இனி முடியாது. அப்படியானால் வாரத்துக்கு ஒன்றாக வருகிற “கோடாக்ரோம்” பிரீசெட்டுகள் எதைப் பார்த்துச் செய்யப்படுகின்றன? ஸ்கேன் செய்த பழைய ஸ்லைடுகளைக் கணினித் திரையில் பார்த்து. அங்கேயும் சிக்கல் இருக்கிறது. கோடாக்ரோமின் சாயங்கள் மற்ற ஸ்லைடுகளின் சாயங்களைப் போன்றவை அல்ல. சாதாரண முறையில் ஸ்கேன் செய்தால் நீலம் ஏறிவிடும். அதனால்தான் நல்ல ஸ்கேனர்களில் கோடாக்ரோமுக்கென்றே தனி செட்டிங் இருந்தது. அந்த செட்டிங்கைப் போடாமல் யாரோ ஸ்கேன் செய்த நீலத்தை, ஃபிலிமின் நீலம் என்று விற்கிறார்கள்.

இன்னொரு கேள்வியும் உண்டு. எந்த கோடாக்ரோம்? 1961-ல் வந்த கோடாக்ரோம் 2 வேறு, 1974-ல் வந்த கோடாக்ரோம் 25-ம் 64-ம் வேறு. முப்பதுகளின் ஃபிலிம் இவை எதைப் போலவும் இருக்காது. எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக மாறிக்கொண்டே இருந்த ஒன்றை ஒரே பட்டனுக்குள் அடக்கிவிட்டதாகச் சொல்வதை ஏற்க முடியாது.

சரி, அந்த பிரீசெட்டுக்குள் என்னதான் இருக்கிறது? லைட்ரூம் என்ற எடிட்டிங் மென்பொருளின் பிரீசெட் ஃபைலை நோட்பேடில் திறந்து பார்க்கலாம், யாருக்கும் தடையில்லை. பெரும்பாலும் வெறும் எழுத்து வரிகள்: கான்ட்ராஸ்ட் இவ்வளவு, பச்சையின் சாயல் இத்தனை புள்ளி மஞ்சள் பக்கம், நீலத்தின் அடர்த்தி இத்தனை குறைவு, நிழலில் கொஞ்சம் சியான். ஒருவர் தன் மேசையில், தன் படத்துக்காக ஸ்லைடர்களை நகர்த்தி நிறுத்திய இடங்களின் பட்டியல் அது. அவருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை.

‘லட்’ என்று சொல்லப்படுவது இதைவிடக் கொஞ்சம் நுட்பமானது. பொதுவாக 33 பெருக்கல் 33 பெருக்கல் 33, அதாவது 35,937 புள்ளிகள் கொண்ட ஓர் அட்டவணை. இந்த நிறம் வந்தால் அந்த நிறமாக மாற்று என்று ஒவ்வொரு புள்ளியும் சொல்லும், இடைப்பட்டவற்றை மென்பொருள் கணக்கிட்டுக்கொள்ளும். அது ஒரு பிக்ஸலின் நிறத்தை மட்டும் பார்க்கிறது. பக்கத்துப் பிக்ஸல் எரியும் விளக்கா, இருட்டா என்று அதற்குத் தெரியாது. ஃபிலிமில் பிரகாசமான ஒளி அடித்தளத்தில் பட்டுத் திரும்பி, விளக்கைச் சுற்றிச் செந்நிற வளையம் போடுவதை எந்த அட்டவணையும் செய்யாது. வெள்ளையாக எரிந்துபோன ஹைலைட்டையும் அது மீட்டுத் தராது. அங்கே மீட்க எதுவும் பதிவாகியிருக்காது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது கேமராவுக்கு முன்னால் இருந்த வெளிச்சம். ‘ஆப்கன் பெண்’ என்று உலகம் அறிந்த படத்தை மெக்கரி 1984-ல் பெஷாவர் அருகே ஓர் அகதி முகாமில் கோடாக்ரோம் 64-ல் எடுத்தார். 1985 ஜூன் மாத நேஷனல் ஜியாகிரஃபிக் அட்டையில் வந்தது. பள்ளிக்கூடமாக இருந்த கூடாரத்துக்குள் மெதுவாகப் பரவிய வெளிச்சம், பின்னால் பச்சை, தோளில் துருச் சிவப்புச் சால்வை, அந்தக் கண்கள். எதிரெதிர் நிறங்கள் படம் எடுக்கும் முன்பே அங்கே இருந்தன. அவற்றைப் பார்த்து நின்றது போட்டோகிராபர். ஃபிலிம் அதற்குத் துணை செய்தது, அவ்வளவுதான்.

இப்போது நம் கல்யாண மண்டபத்துக்கு வருவோம். கூரையில் மஞ்சள் எல்.இ.டி., வீடியோக்காரர் பிடிக்கும் விளக்கு வெள்ளை, மேடைக்குப் பின்னால் ஊதாவும் ரோஸும். இந்தக் கலவையின் மேல் ஐரோப்பியப் பூங்காவின் புல்லுக்காகவும் மேகமூட்டமான வானத்துக்காகவும் நகர்த்திய ஸ்லைடர்களைப் போட்டால் என்ன ஆகும்? வாசலில் கட்டிய வாழை மரம் ஆலிவ் பச்சைக்குத் தாழ்கிறது. மஞ்சள் சரடு ஆரஞ்சாகிறது. அரக்குப் பட்டு செங்கல் நிறம் காட்டுகிறது. மாநிற முகமும் பக்கத்தில் நிற்கும் கறுத்த முகமும் ஒரே செம்புப் பூச்சில் கரைந்துவிடுகின்றன. கடை கடையாக ஏறி இறங்கிப் புடவை எடுத்த குடும்பத்துக்கு இந்த ஆல்பத்தைக் கொடுப்பது அநியாயம்.

“சரி, கோடாக்ரோம் வேண்டாம், போர்ட்ரா இன்றும் கிடைக்கிறதே” என்பார்கள். கிடைக்கிறது. ஆனால் கோடாக்கின் போர்ட்ரா நெகட்டிவ் ஃபிலிம். கழுவிய பட்டையை வெளிச்சத்தில் பிடித்தால் தெரிவது ஆரஞ்சுத் தளம், அதன்மேல் மெஜந்தா இலைகள், நீலம் பாரித்த முகம். அதைத் திருப்பிப் போட்டுக் கலர் சொல்வது ஸ்கேனரும் அதை இயக்குகிறவரும். ஒரே ரோலை நோரிட்சுவில் ஸ்கேன் செய்தால் ஒன்று, ஃபிரான்டியரில் ஸ்கேன் செய்தால் வேறொன்று. பலரும் மயங்குகிற “போர்ட்ரா கலர்” பாதிக்கு மேல் லேப்காரரின் கை.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. கிரெய்ன் ஸ்லைடரை ஏற்றினால் ஃபிலிம் ஆகாது: ஃபிலிமில் கிரெய்ன்தான் படமே, மேலே தூவியது அல்ல, அடர்த்திக்கு ஏற்ப அது மாறும். ஃபியூஜி கேமராவில் உள்ள சிமுலேஷன்கள் நல்லவை, ஃபிலிம் செய்த நிறுவனமே கவனமாகச் செய்தவை. ஆனால் 2014-ல் வந்த ‘கிளாசிக் குரோம்’ என்ற பெயரில் ஃபியூஜி எந்த ஃபிலிமையும் விற்றதில்லை. ஜேபெக் போதும் என்பதும் தவறு. எட்டு பிட்டில் ஒரு நிறத்துக்கு 256 படிகள், பதினான்கு பிட் ரா ஃபைலில் 16,384. ஜேபெக்கை முறுக்கினால் வானம் பட்டை பட்டையாகப் பிரியும்.

ஃபிலிம் தோலின் நிறத்தை இயல்பாகக் காட்டியது என்ற புகழ்ச்சியையும் நிறுத்த வேண்டும். யாருடைய தோலை? லேப்கள் கலரைச் சரிபார்க்கப் பல பத்தாண்டுகள் பயன்படுத்திய ‘ஷெர்லி கார்டு’களில் இருந்தவர்கள் வெள்ளைக்காரப் பெண்கள். பல நிறத்தவர் சேர்ந்திருக்கும் கார்டை கோடாக் கொண்டுவந்தது 1990-களில்தான்.

டிஜிட்டலில் ஃபிலிம் தோற்றம் வரவே வராது என்கிற எதிர்ப்பக்கத்தாரும் உண்மை பேசவில்லை. ‘நைவ்ஸ் அவுட்’ படத்தின் ஒளிப்பதிவாளர் ஸ்டீவ் யெட்லின் ஃபிலிமையும் அலெக்ஸா என்ற டிஜிட்டல் கேமராவையும் அளந்து, இரண்டையும் பிரித்தறிய முடியாதபடி அருகருகே காட்டியவர். 1970-களின் படம்போலத் தெரியும் ‘தி ஹோல்டோவர்ஸ்’ (2023) டிஜிட்டலில் எடுத்ததுதான். ‘டூன்’ (2021) டிஜிட்டலில் எடுக்கப்பட்டு, ஃபிலிமில் அச்சிடப்பட்டு, திரும்ப ஸ்கேன் செய்யப்பட்டது. எல்லாம் உழைப்பு, ஒன்றுகூடக் குறுக்குவழி அல்ல. ரா ஃபைலில் எடுப்பது, கிரே கார்டு வைத்து ஒயிட் பேலன்ஸ் பிடிப்பது, ஹைலைட் எரியாமல் எக்ஸ்போஷர் வைப்பது, மண்டபத்தின் வெளிச்சத்தை ஒரே நிறத்துக்குக் கொண்டுவருவது: இவை எந்த பிரீசெட்டையும்விட அதிகம் கொடுக்கும்.

கடைசியாக, மிகவும் பரவிவிட்ட ஒரு தவறு. பழைய ஃபிலிம் என்றால் மங்கலாக, செம்மஞ்சளாக, கறுப்பு வெளிறி இருக்கும் என்று நினைத்து அதையே போலச் செய்கிறார்கள். அது ஃபிலிமின் கலர் அல்ல, அழிவின் கலர். அறுபதுகள், எழுபதுகளின் கலர் பிரிண்டுகளில் சியான் சாயம் முதலில் மங்கும். மிச்சம் நிற்பது சிவப்பு. ஈஸ்ட்மன் கலர் படப் பிரதிகள் ரோஸாக மாறியது இதனால்தான். சாயம் இப்படி மங்குவதை எதிர்த்து 1980-ல் திரைப்பட இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செஸி கையெழுத்து இயக்கமே நடத்தினார். 1964-ல் வந்த ‘கர்ணன்’ 2012-ல் டிஜிட்டலில் புதுப்பிக்கப்பட்டுத் திரைக்கு வந்தபோது, அந்தப் படத்துக்கு இத்தனை நிறமா என்று இளைய தலைமுறை பார்த்தது.

நம் வீடுகளிலும் அதே கதைதான். சுவரில் சிவந்துபோன கல்யாணப் படத்தின் நெகட்டிவ் இன்னும் நல்ல நிலையில் இருக்கக்கூடும், எறியாமல் இருந்தால். பரணில் வெயிலும் ஈரமும் தாக்கும் டப்பாவில் அது கிடக்கக் கூடாது. பி.வி.சி. உறையை எடுத்துவிட்டு அமிலமற்ற தாளுறையில் போடுங்கள். ஓரத்தை மட்டும் பிடியுங்கள். வினிகர் வாடை அடித்தால் ஃபிலிமின் அடித்தளம் சிதையத் தொடங்கிவிட்டது. அந்த ரோலைப் பிரித்து வைத்து முதலில் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்கேன் செய்த பிறகும் நெகட்டிவை எறியாதீர்கள். ஊரில் பழைய ஸ்டுடியோ மூடப்போகிறது என்று தெரிந்தால், உங்கள் குடும்பத்து நெகட்டிவைக் கேட்டு வாங்கி வந்துவிடுங்கள்.