காருக்குள் ஓர் ஒலிப்பெட்டி

ஒலிபெருக்கியின் கூம்பு அதிரும்போது முன்புறம் மட்டுமன்றிப் பின்புறமும் ஒலி எழுகிறது. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை. அவை கலந்தால் தாழ்ந்த சுருதி ஒலிகள் தேய்ந்துவிடும். அவற்றைப் பிரித்து வைப்பதே ஒலிப்பெட்டியின் வேலை. மேலும், மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்று கூம்புக்குச் சுருள்வில்போல் உதவும். அமெரிக்கரான எட்கர் வில்ச்சர் 1954இல் இம்முறையைக் கையாண்டு, சிறிய பெட்டியிலும் ஆழ்ந்த ஒலியை எழுப்பிக் காட்டினார்.

காரின் பின்புறத்தில் சக்கரத்தை ஒட்டிய மூலை வளைந்திருக்கும். பலகைப் பெட்டி அங்குச் சரியாகப் பொருந்தாது. எனவே, கைவினைஞர்கள் கண்ணாடி இழையைப் பயன்படுத்துகின்றனர். முதலில், அம்மூலையை ஒட்டுநாடாவால் மூடுவர். அதன்மேல் இழைப்பாயை விரித்துப் பிசின் தடவுவர். இறுகியதும் கழற்றினால், மூலையின் வடிவம் அப்படியே கிடைக்கும். பிறகு, ஒலிபெருக்கிக்கான மரவளையத்தைப் பொருத்தி, துணியை இழுத்துக் கட்டி, அதன்மேலும் பிசின் பூசுவர். சுவர் மெலிந்திருந்தால் அதிரும். ஆதலால், உட்புறத்தில் இழையை அடுக்கடுக்காகச் சேர்ப்பர்.

பிசினை இறுகச் செய்யும் திரவத்தை அளந்தே கலக்க வேண்டும். கோப்பெங் போன்ற வெப்பமான ஊர்களில் கலவை விரைவில் இறுகும். அளவு மிஞ்சினால் சூடேறி விரிசல் விடும்.

பிசின் ஆவியும் தேய்க்கும்போது பறக்கும் தூளும் நுரையீரலைப் பாதிக்கும். ஆகவே, காற்றோட்டமான இடத்தில், ஆவியை வடிகட்டும் முகக்கவசமும் கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் அணிந்தே வேலை செய்ய வேண்டும். இனிய இசைக்காக உடல்நலத்தை இழக்கலாகாது.