பிள்ளைகள் எழுதினால் பத்திரிகை போடுமா?

கேள்வி: எங்கள் பள்ளி மாணவர் இதழுக்கு உள்ளூர் நாளிதழ் கைகொடுக்குமா?
- ஓர் ஆசிரியை, தென்காசி

பதில்: கொடுக்கும் டீச்சர், சரக்கு இருந்தால். 2017-இல் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில், பிட்ஸ்பர்க் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள், புதிதாக வரவிருந்த தலைமையாசிரியரின் பட்டங்களைத் துருவினார்கள். பட்டம் கொடுத்த பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரமே இல்லை என்று பள்ளி இதழில் எழுதினார்கள். சில நாளில் அவர் ராஜினாமா! பெரிய நாளிதழ்களெல்லாம் அந்தச் செய்தியை எடுத்துப் போட்டன. மாணவர் இதழைத் தணிக்கையிலிருந்து காக்க 1992-லேயே சட்டம் போட்ட மாநிலம் அது. நமக்கு அந்தக் குடை இல்லை.

ஆண்டு விழாப் படத்தோடு நாளிதழுக்குப் போகாதீர்கள். அது அவர்களிடம் கட்டுக்கட்டாகக் கிடக்கும். பள்ளி நிறுத்தத்தில் நிற்காமல் போகும் பஸ்ஸைப் பற்றி, பிள்ளைகளை ஒரு வாரம் நேரம் குறித்து எழுதச் சொல்லுங்கள். அதோடு நிருபரைப் பாருங்கள். மாணவர் பெயர் போடுவார்களா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.