பிக் ஹோல் நதியின் கோடை: நம்பிக்கைகளும் உண்மைகளும்

அமெரிக்காவின் மேற்கே மான்டானா மாநிலத்தில், மலைமேல் உறைந்த பனி உருகிப் பெருகும் ஜலத்தை ஏந்தி, பெரிய அணை எதனாலும் தடைப்படாமல் ஏறக்குறைய 150 மைல் தூரம் ஓடி, ட்வின் பிரிட்ஜஸ் என்னும் சிற்றூருக்கு அருகே பீவர்ஹெட் நதியோடு கூடி ஜெஃபர்சன் என்று பெயர் பெறும் பிக் ஹோல் நதி, ஜூன் மாதத்தில் கரை புரளப் பிரவகித்து, ஆகஸ்டு பிறந்ததும் கூழாங்கற்கள் வெயிலில் காய, பல இடங்களில் முழங்கால் நனையும் அளவுக்கு ஒடுங்கிவிடும். இறகாலும் மயிராலும் நூலாலும் கட்டிய செயற்கைப் பூச்சியை, தூண்டிற்கயிற்றின் கனத்தைக் கொண்டே வீசி நீரின்மேல் மெல்ல இறக்கி ட்ரவுட் மீனைப் பிடிக்கும் கலையில் தேர்ந்தவர்கள், அந்தக் காலத்திலும் இந்த நதியை நாடி வருகிறார்கள். அவர்களிடையே வழங்கும் நம்பிக்கைகளில் பல, நிறைந்த நதியில் பெற்ற அநுபவத்திலிருந்து பிறந்தவை. அவற்றை வற்றிய நதிக்கும் பொருத்திப் பார்ப்பதால் எத்தனையோ நல்ல ஜீவன்கள் வீணே மடிகின்றன என்பதாலேயே இதை எழுதத் துணிந்தேன்.

முதலாவது, மாலை நேரத்தைப் பற்றிய நம்பிக்கை. வெயில் தணிந்து, மலைச்சாரலிலிருந்து குளிர்காற்று இறங்கி, மனிதனுடைய உடலும் உள்ளமும் இதம் பெறும் சூரியாஸ்தமன வேளையில், மீனும் அவ்வாறே இதம் பெற்றிருக்கும் என்று எண்ணுவது இயல்புதான். ஆனால் காற்று குளிர்வதுபோல் ஜலம் விரைவில் குளிர்வதில்லை. பகல் முழுவதும் சூரிய கிரணங்களையும், கிரணங்களால் சுட்ட கற்களின் உஷ்ணத்தையும் வாங்கிச் சேர்த்துக்கொண்ட நதி, பிற்பகல் நான்கு மணிக்கும் ஏழு மணிக்கும் இடையிலேதான் பெரும்பாலும் தன் உச்ச உஷ்ணத்தை அடைகிறது. அந்த உஷ்ணத்தை இரவெல்லாம் சிறிது சிறிதாக இழந்து, விடியற்காலையையொட்டித்தான் மிகவும் குளிர்ந்த நிலைக்கு வருகிறது. நீர் குறையக் குறைய இந்த ஏற்றமும் இறக்கமும் பெரிதாகும். ஆகவே, மனிதருக்குச் சுகமான மாலை, மீனுக்கு அந்த நாளின் மிகக் கொடிய வேளையாக இருப்பதுண்டு. ஒரு நதியின் உச்ச உஷ்ணம் தொடர்ந்து மூன்று நாட்கள் 73 டிகிரி பாரன்ஹீட்டை, அதாவது ஏறக்குறைய 23 டிகிரி சென்டிகிரேடை எட்டினால், பிற்பகல் இரண்டு மணி முதல் நள்ளிரவு வரையில் அங்கே மீன்பிடிப்பதை மான்டானா மாநில அரசு நிறுத்திவைப்பது இந்தக் காரணம் பற்றியே. உச்சிவேளையைவிட்டு அந்தியைத் தடுக்கிறார்களே என்று சிலர் குறைப்படுகிறார்கள். நதியில் ஓர் உஷ்ணமானியை இட்டு மாலை ஆறு மணிக்கு எடுத்துப் பார்த்தால் அந்தக் குறை தீரும்.

உஷ்ணம் ஏன் இத்தனை கேடு செய்கிறது? நீர் சூடேறச் சூடேற, அதில் கரைந்து நிற்கக்கூடிய பிராணவாயுவின் அளவு சுருங்கிக்கொண்டே போகிறது. கடல்மட்டத்தில் 10 டிகிரி சென்டிகிரேடில் ஒரு லிட்டர் நீர் 11 மில்லிகிராமுக்குச் சற்று மேற்பட்ட பிராணவாயுவைத் தாங்கும். 20 டிகிரியிலோ 9 மில்லிகிராம் அளவே தாங்கும். பிக் ஹோல் பள்ளத்தாக்கில் விஸ்டம் என்னும் ஊர் கடல்மட்டத்திற்கு மேல் 6,000 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் குறைவாதலால் இந்த அளவிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். மீனோ தன் உடலுக்கென்று தனி உஷ்ணம் இல்லாத பிராணி. சுற்றியுள்ள நீர் சூடானால் அதன் உடலும் சூடாகி, சும்மா இருக்கும்போதே அதிகப் பிராணவாயுவை வேண்டுகிறது. தேவை ஏறி, கிடைப்பது இறங்கும் அந்த வேளையில் அதைத் தூண்டிலில் மாட்டிப் போராடவைப்பது, மூச்சுத்திணறலால் வருந்தும் நோயாளியை மலையேறச் சொல்வதற்கு ஒப்பாகும்.

ஆழமான மடுக்களில் நீர் குளிர்ந்திருக்கும், மீன்கள் அங்கே போய்ப் பத்திரமாக இருந்துகொள்ளும் என்பது அடுத்த நம்பிக்கை. ஏரிகளுக்கு இது உண்மை. கோடையில் ஏரியின் மேல்நீர் சூடாகவும் அடிநீர் குளிர்ந்தும் அடுக்கடுக்காக நிற்கும். ஓடும் நதியிலோ நீர் இடைவிடாமல் புரண்டு கலப்பதால், மடுவின் அடியிலும் மேலும் உஷ்ணம் பெரும்பாலும் ஒன்றே. மெய்யான குளிர்ச்சி, மலையிலிருந்து வந்து சேரும் சிற்றோடைகளின் முகத்துவாரத்திலும், மண்ணுக்கடியிலிருந்து ஊற்று நீர் கசியும் இடங்களிலுமே உள்ளது. வெப்பம் மிகுந்த நாட்களில் ட்ரவுட் மீன்கள் அத்தகைய இடத்தில் ஒன்றையொன்று நெருங்கித் திரள்வதைக் கரையிலிருந்தே காணலாம். ‘ஒரே இடத்தில் இத்தனை மீன்களா!’ என்று மகிழ்ந்து அங்கே தூண்டில் வீசுகிறவர்கள், அவற்றின் கடைசிப் புகலிடத்தைப் பறிக்கிறார்கள் என்பதை நான் தயக்கமின்றிச் சொல்வேன். அங்கே வீசும் தூண்டிலில் திறமையும் இல்லை, நியாயமும் இல்லை.

நீர் குறைந்தால் மீன் எளிதில் அகப்படும் என்ற எண்ணமும் இதோடு சேர்ந்ததே. தெளிந்து மெலிந்த நீரில் மனித நிழலும், கோலின் மின்னலும், கால் வைத்துக் கல் உருளும் ஓசையும் மீனுக்கு உடனே தெரிந்துவிடுவதால், நிறைந்த நதியில் பத்தடி தூரத்தில் நின்று பிடித்தவரும் இங்கே குனிந்து, தொலைவிலிருந்து, தூண்டிற்கயிற்றின் நுனியில் மிக மெல்லிய நரம்பைக் கட்டி வீச வேண்டியிருக்கிறது. அந்த மெல்லிய நரம்போ மீனை விரைந்து இழுத்துக் கரை சேர்க்கவிடாமல் போராட்டத்தை நீட்டிவிடுகிறது. ஏமாற்றுவதற்கு மெல்லியது வேண்டும், காப்பாற்றுவதற்குத் தடித்தது வேண்டும் என்ற இந்த முரண்பாட்டுக்குச் சாமர்த்தியத்தால் முழு விடை கிடையாது. இயன்ற மட்டும் தடித்த நரம்பைக் கட்டி, அதனால் சில மீன்கள் அகப்படாமல் போனால் போகட்டும் என்று விட்டுவிடுவதே நேர்மை. உச்சி வெயிலில் ட்ரவுட் உண்ணாது என்பதும் சரியன்று. வைக்கோல் நிலங்களிலிருந்து காற்றில் தவறி விழும் வெட்டுக்கிளிகளை அது நடுப்பகலில் பாய்ந்து பற்றும். மீன் தீனி எடுப்பதாலேயே, அதைப் பிடித்துவிடுவது அதற்குத் தீங்கு செய்யாது என்று முடிவு செய்துவிடலாகாது.

ஆனால் இவை அனைத்திலும் மிக ஆழமாக வேரூன்றியது, ‘விட்டுவிட்டேன், நீந்திப் போய்விட்டது, பிழைத்துக்கொள்ளும்’ என்ற ஆறுதலே. உயிர்களிடத்தில் அன்புள்ளவர்களே இதை உறுதியாக நம்புகிறார்கள் என்பதால், இதைத் திருத்துவது அவசியமும் கடினமுமாகிறது. களைத்துப்போன மீனின் தசைகளில் லாக்டிக் அமிலம் சேர்ந்து, ரத்தத்தின் நிலையே மாறிவிடுகிறது. கைவிட்டுப் போகும்போது வலுவாக வாலை அசைத்த மீன், சில மணி நேரம் கழித்து, பார்ப்பார் எவருமில்லாத இடத்தில் சாகலாம். ஃபெர்குசன், டஃப்ட்ஸ் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 1992-ல் வெளியிட்ட பரிசோதனையொன்றில், களைக்கும்வரை துரத்தப்பட்ட வானவில் ட்ரவுட் மீன்களுள், நீரிலிருந்து எடுக்கப்படாதவற்றில் 12 சதவீதம் மடிந்தன. அரை நிமிடம் காற்றில் வைக்கப்பட்டவற்றில் 38 சதவீதமும், முழு நிமிடம் வைக்கப்பட்டவற்றில் 72 சதவீதமும் மடிந்தன. அது ஆய்வுக்கூடத்துக் கணக்கு. நதியில் எல்லா இடத்திலும் அவ்வளவு சாவு நேர்வதில்லை என்பதும் உண்மையே. எனினும் புகைப்படத்துக்காக மீனைத் தூக்கிப் பிடித்து நிற்கும் ஒரு நிமிடம் எத்தகைய நிமிடம் என்பதை அந்த எண்கள் தெளிவாகவே காட்டுகின்றன. மீன் கழன்றுபோகாதபடி தூண்டில் முள்ளில் பின்னோக்கி நிற்கும் சிறு கூர்முனையை நசுக்கிவிட்டு, கைவலைக்குள் நீரிலேயே வைத்து முள்ளை எடுத்துவிட்டால், அதை வெளியே தூக்கவேண்டிய தேவையே இராது. தெளியவைப்பதற்காக முன்னும் பின்னும் அசைப்பதும் பழைய வழக்கம்; அது வேண்டியதில்லை. வாயின் வழியே புகுந்து செவுளின் வழியே வெளியேறுமாறு நீர் ஓடவேண்டுமாதலால், ஓட்டத்தை எதிர்நோக்கி அதன் தலையை நிறுத்திப் பிடித்திருந்தாலே போதும்.

இவற்றையெல்லாம் கடைப்பிடித்தாலும் சில நாட்களில் நதியைவிட்டு அகல்வதைத் தவிர வேறு வழியில்லை. 2016-ஆம் ஆண்டு ஆகஸ்டில், அண்டையிலுள்ள யெல்லோஸ்டோன் நதியில், நீர் குறைந்து சூடேறியிருந்த சமயத்தில் ஓர் ஒட்டுண்ணி சிறுநீரக நோயை உண்டாக்கியதால், வைட்ஃபிஷ் மீன்கள் ஆயிரக்கணக்கில் செத்து மிதந்தன. 183 மைல் நீளத்துக்கு அந்த நதியை மாநில அரசு எல்லோருக்கும் மூடியது. தூண்டில்காரர்கள் அந்த நோயைக் கொண்டுவந்தார்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் நலிந்து நின்ற மீனுக்கு மேலும் ஒரு சுமையை ஏற்றாமல் இருக்கவேண்டிய கடமை அவர்களுக்கு இருந்தது.

பிக் ஹோல் வற்றியதற்குக் காரணமே அதன் மேல்பள்ளத்தாக்கின் பண்ணைக்காரர்கள்தாம், வைக்கோலுக்காக நீரையெல்லாம் வாய்க்காலில் திருப்பிவிடுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு, தூண்டில்காரர்களிடையே நெடுங்காலமாக உண்டு. வாய்க்கால்கள் நதியைக் குறைக்கின்றன என்பதில் ஐயமில்லை. ஆயினும், வயலில் பாய்ச்சிய நீரில் ஒரு பங்கு மண்ணுக்குள் இறங்கி, பின்னர்க் குளிர்ந்த ஊற்றாக நதிக்கே திரும்புகிறது. அமெரிக்காவில், அலாஸ்காவை நீக்கினால், நதியிலேயே வாழும் ஆர்க்டிக் கிரேலிங் மீன் பூர்விகமாக எஞ்சியிருக்கும் மிகச் சில இடங்களுள் பிக் ஹோல் ஒன்று என்பதை உணர்ந்து, 1995-ல் பண்ணைக்காரர்களும் தூண்டில்காரர்களும் பிறரும் ஒரே மேசையில் அமர்ந்து ஒரு குழுவை நிறுவினார்கள். நீர் இன்ன அளவுக்குக் குறைந்தால் பண்ணைக்காரர் வாய்க்காலைத் தாமாகவே சுருக்குவது, தூண்டில்காரர் கோலைக் கீழே வைப்பது என்று ஒரு வறட்சித் திட்டத்தையும் வகுத்துக்கொண்டார்கள். 2006 முதல், கிரேலிங் மீனுக்காக நதியில் நீரை விட்டுவைக்க இசையும் நில உரிமையாளர்களோடு அரசு ஒப்பந்தமும் செய்துவருகிறது. அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பண்ணைக்காரர் தம் வைக்கோலில் ஒரு பங்கை இழக்கத் தயாராயிருக்கும்போது, ஆகஸ்டு மாதத்து அந்திப்பொழுதைத் தூண்டில்காரர் இழக்கத் தயங்குவதற்கு எனக்கு நியாயம் தோன்றவில்லை.