பழைய நாணயத்தின் நிலை அறிதல்

1858ஆம் ஆண்டு ஆங்கிலேயர் போர்ட் பிளேரில் கைதிகள் குடியிருப்பை நிறுவினர். அக்குடியிருப்பின் பயன்பாட்டுக்கெனச் செம்பினால் ஒரு ரூபாய் வில்லைகள் அடிக்கப்பட்டன. அவற்றில் 1861, 1866 ஆகிய ஆண்டுகள் பொறிக்கப்பட்டிருந்தன. பின்னர் அவை வழக்கொழிந்தன. இன்று கிடைத்தற்கு அரியவை.

இத்தகைய காசு ஒன்று கிடைத்தால், நாணய அறிஞர் அதன் ஆண்டை அறிந்தபின் அதன் நிலையை ஆராய்வர். ஒரே ஆண்டில் அடிக்கப்பட்ட இரு காசுகளுள் ஒன்றுக்கு மதிப்பு மிகுவதும் மற்றொன்றுக்குக் குறைவதும் நிலை வேறுபாட்டால்தான். இவ்வேறுபாட்டை அளவிட்டுக் கூறுதலே தரப்படுத்துதல் எனப்படும்.

தேய்மானம்

காசு கைமாறும்போதும் பையில் உராயும்போதும் அதன் மேடான பகுதிகள் முதலில் தேயும். எனவே, பூதக்கண்ணாடியால் தலைப்பக்கம், பூப்பக்கம் இரண்டின் மேடுகளையும் முதலில் நோக்குதல் வேண்டும். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளி ரூபாயில் மன்னர் அணிந்த மாலையில் சிறு யானை உருவம் உண்டு. 1911ஆம் ஆண்டு ரூபாயில் அது பன்றியைப் போல் தோன்றியதால் மக்கள் வெறுத்தனர். 1912இல் அவ்வுருவம் திருத்தப்பட்டது. அந்த யானை தெளிவாகத் தெரிகிறதா என்பதே அந்நாணயத்தின் நிலையை அறியும் அடையாளங்களுள் ஒன்றாயிற்று.

நிலைகளைப் பின்வருமாறு வகுக்கலாம்:

மிகத் தேய்ந்தது – உருவத்தின் புறக்கோடு மட்டும் தெரியும்.
தேய்ந்தது – எழுத்துகளைப் படிக்கலாம், நுண்வேலைப்பாடு மறைந்திருக்கும்.
நன்று – நுண்வேலைப்பாட்டில் ஏறத்தாழப் பாதி தெரியும்.
மிக நன்று – மேடுகளில் மட்டும் சிறு தேய்மானம் இருக்கும்.
புழங்காதது – எங்கும் தேய்மானம் இராது.

அமெரிக்கரான வில்லியம் ஷெல்டன் 1949இல் 1 முதல் 70 வரையிலான எண் அளவு ஒன்றை வெளியிட்டார். அதில் 60 முதல் 70 வரை புழங்காத காசுகளுக்கு உரியவை. இன்று உலகெங்கும் அவ்வளவு பயன்படுகிறது.

ஓர் ஐயம் எழலாம். அச்சு நன்கு பதியாத காசிலும் யானை மங்கலாகத் தோன்றுமே! அவ்வாறாயின், அவ்விடத்தின் ஒளியை நோக்குதல் வேண்டும். தேய்ந்த இடம் வழவழப்பாகி, சுற்றியுள்ள பகுதியினின்றும் நிறம் வேறுபடும். அச்சுப் பதியாத இடத்திலோ தொடக்க ஒளி மாறாதிருக்கும்.

புளியும் உப்புக் காற்றும்

செம்புப் பாத்திரத்தைப் புளியிட்டுத் துலக்குதல் தமிழர் இல்லங்களின் வழக்கம். பாத்திரத்துக்கு அது அழகு. பழங்காசுக்கோ அது அழிவு. புளியின் அமிலம் காசின் மேற்பரப்பைக் கரைக்கிறது. தேய்க்கும்போது நுண்கீறல்கள் விழுகின்றன. துலக்கிய காசு பளபளக்கும். ஆயினும் அது புழங்காத காசின் ஒளி ஆகாது. அறிஞர் அதனை எளிதில் கண்டுகொள்வர், மதிப்பையும் குறைப்பர். இழந்த மேற்பரப்பை மீண்டும் பெற வழியில்லை.

அந்தமானின் ஈரமும் உப்பும் நிறைந்த கடற்காற்றும் செம்புக்குப் பகையே. பழஞ்செம்பின் மீதுள்ள பழுப்புப் படலம் காசைக் காக்கும், அதனை நீக்கலாகாது. பொடியாக உதிரும் வெளிர்பச்சைக் களிம்போ காசை அரிக்கும். அத்தகைய காசை வல்லுநரிடம் காட்டுதல் நன்று. காசை விளிம்பில் பிடித்தே எடுத்தல் வேண்டும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு மூடிய பெட்டியில் வைத்தல் வேண்டும். மென்மையான பி.வி.சி. உறைகள் நாளடைவில் பிசுக்கை உண்டாக்குமாதலால் அவற்றைத் தவிர்த்தல் நலம்.

நேர்மை

அந்தமான் தமிழருள் பலருடைய முன்னோர் தமிழ்நாட்டிலிருந்தும் பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தவர்கள். பர்மா 1937 வரை இந்தியாவோடு இணைந்திருந்ததால் அங்கும் இந்திய ரூபாயே வழங்கியது. பாட்டியின் பெட்டியில் உள்ள ஒரு ரூபாய் இரங்கூனில் கூலியாகப் பெற்றதாகவும் இருக்கலாம். அது மிகத் தேய்ந்திருப்பின், சந்தையில் விலை குறைவே. ஆயினும், அத்தேய்மானம் பலர் உழைத்துப் பெற்றுச் செலவிட்டதற்குச் சான்று. தன் காசாயினும் பிறர் காசாயினும் உள்ள நிலையை உள்ளவாறே கூறுதல் தரப்படுத்துவோரின் கடமை. விற்பவர் உயர்த்தியும் வாங்குபவர் தாழ்த்தியும் கூறினால் அவ்வளவுகோலுக்குப் பொருளில்லை.

சொற்பொருள்

வில்லை – நாணயம் போன்ற வட்டத் தகடு
களிம்பு – செம்பின் மீது தோன்றும் பச்சைப் பூச்சு
புழங்குதல் – வழக்கில் கைமாறுதல்

பயிற்சி

1. காசின் எப்பகுதி முதலில் தேயும்? ஏன்?
2. தேய்ந்த இடத்தையும் அச்சுப் பதியாத இடத்தையும் எவ்வாறு வேறுபடுத்தலாம்?
3. ‘துலக்கிய காசு பளபளக்கும்; ஆயினும் மதிப்புக் குறையும்’ – விளக்குக.
4. இருவர் இணைந்து செய்க: இப்போது வழங்கும் ஒரே வகை நாணயங்கள் ஐந்தினைத் திரட்டுக. ஒருவர் எழுதுவதை மற்றவர் பாராமல் ஒவ்வொன்றின் நிலையையும் காரணத்தோடு எழுதுக. இருவர் முடிவும் வேறுபடும் நாணயத்தை மீண்டும் நோக்கி, எவர் காரணம் பொருந்துகிறது எனக் கலந்துரையாடுக.