தார் சுற்றும் வேலைக்கும் கணக்கு வேண்டும்

நாடாவிலுள்ள தார் தீர்ந்தால் தறி நின்றுவிடும். அத்தாரைச் சுற்றித் தருவோர் பெரும்பாலும் வீட்டுப் பெண்மக்களே. 2019-20-ஆம் ஆண்டுக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டின் கைத்தறித் தொழிலாளர் ஏறத்தாழ 35 லட்சம். அவர்களுள் பெண்கள் 25 லட்சத்துக்கு மேல். ஆயினும், தார் சுற்றிய உழைப்பைக் கணக்கேட்டில் எழுதும் அங்கத்தினர் அரியர்.

இவ்வேலையைக் கூலியாளிடம் ஒப்படைக்குமுன் கணக்கிடுதல் நலம். நாளொன்றுக்கு 3 மணி நேரமென்றால், 25 நாளில் 75 மணி நேரமாகும். அதற்கு மாதம் 3,000 ரூபாய் கொடுப்பதாகக் கொள்வோம். மணிக்கு 40 ரூபாய் ஆகிறது. மிச்சமான நேரத்தில் தறியில் மணிக்கு 40 ரூபாய்க்கு மேல் ஈட்டினால்தான் ஆதாயம். உடல்நலங் கருதி ஆள் வைப்பதும் முறையே. ஆனால் அது செலவென்று அறிந்து செய்தல் வேண்டும்.

மோட்டார் இராட்டை வாங்குவோர் விலை, மின்கட்டணம், பழுதுச் செலவு மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நூல் அறுந்தால் பிணைக்கவும், தார் மாற்றவும் அங்கும் ஒரு கை வேண்டும். நேரம் குறையுமேயன்றி வேலை ஒழியாது.

ஓர் எச்சரிக்கை: மோட்டார் இராட்டையோடு நிற்கட்டும். தறியையே மின்விசையால் இயக்கினால் அது கைத்தறி ஆகாது. கைத்தறிக்கென ஒதுக்கப்பட்ட இரகங்களை விசைத்தறியில் நெய்வது 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி தடைசெய்யப்பட்டதாகும்.

ஆகவே, இம்மாதம் முதல் தார் சுற்றிய நேரத்தை நாள்தோறும் குறித்து வாருங்கள். கூலியாள் சுற்றினாலும் இல்லத்தரசி சுற்றினாலும் அது உழைப்பே. எழுதப்படாத உழைப்பின்மேல் கண்ட இலாபம் மெய்யான இலாபமன்று.